மாமனுக்கு ஆகாத பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என் தங்கை மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துகளுக்கு நடுவே ஒருவர், "கொடி சுத்திப் பிறந்திருக்காமே, தாய்மாமன் ஜாக்கிரதை" என்று போட்டுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் இதைப் படிப்பார்.

இந்தக் குழந்தையின் தாய்மாமன், அதாவது என் தங்கை மகன், 1988இல் அதே மாதிரி கொடி சுற்றித்தான் பிறந்தான். அன்று அந்த மாமன் நான். பத்தாம் நாள் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, முதலில் அதில் விழும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். தொப்புள்கொடியைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்திய அறிவியல் வாத்தியார்தான் பார்த்தேன். மறுத்தால் அம்மா வருத்தப்படுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் மாதம் மொபெட்டிலிருந்து விழுந்து கால் ஒடிந்தது. (என் நடையை வைத்து நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் எனக்குத் தெரியும். அதன் மூலக்கதை இதுதான்.) மழை பெய்த சாலை, தேய்ந்த டயர். ஆனால் வீட்டில் காரணம் வேறாகிவிட்டது. அதற்குப் பிறகு விடுமுறைக்கு அவனை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. விசேஷங்களில் எனக்கு எதிரில் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அவன் கதவோரம் நின்று பழகினான். பிறகு அதற்கும் ஒரு விளக்கம் வந்தது: "கழுத்துல கொடியோட வந்தவன், அதான் வாயே திறக்கமாட்டான்."

நான்காம் வகுப்பு படிக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் வந்து கேட்டான்: "மாமா, உங்க கால் என்னாலதான் ஒடிஞ்சுதா?"

பிறந்த விதம் ஒருவனின் குணத்தைத் தீர்மானிக்குமா என்று அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊர் மட்டுமல்ல, வியன்னாவிலும் இந்தப் பேச்சு உண்டு. ஃபிராய்டின் சீடர் ஆட்டோ ராங்க், மனிதனின் பயங்களுக்கெல்லாம் வேர் பிறப்பின் அதிர்ச்சிதான் என்று 1924இல் புத்தகமே எழுதினார். குருவுக்கு முதலில் பிடித்திருந்தது. 1926இல் அவரே மறுத்தார். பிறக்கும் குழந்தைக்குத் தாய் என்று தனியாக ஓர் ஆள் இருப்பதே தெரியாது, பிறகு பிரிவு எப்படித் தெரியும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. எனக்கு அது சரியென்றே படுகிறது.

கொடி விஷயத்துக்கு வருகிறேன். நான்கைந்து குழந்தைகளில் ஒன்று கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது. நாற்பது பேர் உட்கார்ந்திருந்த என் வகுப்பில் எட்டு, பத்துப் பேர் அப்படிப் பிறந்தவர்களாக இருந்திருப்பீர்கள். பெரும்பாலும் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. வயிற்றுக்குள் குழந்தை கழுத்து வழியாக மூச்சு விடுவதில்லை, கொடி வழியாகத்தான் ஆக்சிஜன் போகிறது. கொடி இறுகி அதுவே தடைப்பட்டால்தான் ஆபத்து. பிறக்கும்போது வெகுநேரம் ஆக்சிஜன் கிடைக்காமல் போனால் மூளை பாதிக்கப்படலாம், உண்மைதான். அப்படிப்பட்ட பிள்ளைக்கு டாக்டரும் பயிற்சியும் வேண்டும், எண்ணெய்க் கிண்ணம் அல்ல.

இதற்கு நேர்மாறான கதையும் பார்த்திருக்கிறேன். என் மாணவன் ஒருவன் கால் முன்னால் வந்து பிறந்தவன். உண்மையில் அதுதான் கூடுதல் ஆபத்துள்ள பிரசவம். ஆனால் காலால் பிறந்தவன் மிதித்தால் சுளுக்கு விடும் என்பார்களே, ஊரே அவன் முன்னால் குப்புறப் படுத்தது. கைமாறாக முறுக்கு, வாழைப்பழம், சில்லறை. எனக்கே ஒருமுறை இடுப்பு பிடித்தபோது மிதித்துவிட்டான். சுளுக்கு போனதா என்று கேட்காதீர்கள்! ஆறாம் வகுப்பிலேயே பெரிய மனுஷன் தோரணை அவனுக்கு. இன்றும் எந்தச் சபையிலும் தயங்காமல் பேசுவான். ஒருவனுக்கு ஊர் முதுகைக் கொடுத்தது, இன்னொருவனுக்குக் கதவோரத்தைக் கொடுத்தது. இதில் பிரசவத்தின் பங்கு எவ்வளவு, நம் வாயின் பங்கு எவ்வளவு?

கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரைத் தாயின் மார்போடு தோல் பட அணைத்துக் கட்டி வளர்த்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான இன்குபேட்டர் கவனிப்பு. இருபது வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள். அணைத்து வளர்த்த பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் குறைவு, பள்ளிக்கு மட்டம் போடுவதும் குறைவு. இரண்டு பக்கமும் எடை குறைந்து பிறந்தவர்களே, பிறந்த பிறகு கிடைத்த மடிதான் வேறு.

நேற்று மருமகன் போன் செய்தான். அவனுக்கு இப்போது முப்பத்தேழு வயது. "மாமா, என்னையும் எண்ணெயில பார்க்கச் சொல்றாங்க. நீங்க என்னைப் பார்த்தப்ப என்ன தெரிஞ்சுது?"

"டியூப்லைட் தெரிஞ்சுதுடா" என்றேன். சிரித்தான். பிறகு கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. அன்று கல்யாண வீட்டில் அவன் கேட்டதற்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். "இல்லப்பா, டயர் தேஞ்சிருந்துது" என்று நேற்றுத்தான் சொன்னேன். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, எழுதுங்கள் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் குழந்தையைப் பார்க்கப் போகிறோம். கிண்ணம் எடுத்து வைக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.