கிரகணத்தின் மேல் பழி ஏன்?

பிள்ளை மேல் உதடு பிளந்து பிறந்தால் போதும். வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து விடுகிறது. "கிரகணத்தன்னிக்கு அருவாமணையைத் தொட்டியாடி?" என்று மாமியார் கேட்கிறாள். பெற்றவள் கூனிக் குறுகிப் போகிறாள்.

கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை!

கருவில் முகத்தின் இரண்டு பக்கமும் வளர்ந்து வந்து நடுவில் சேர வேண்டும். உதடு சேருவது 4 முதல் 7 வாரத்துக்குள். வாயின் மேற்கூரையான அண்ணம் சேருவது 6 முதல் 9 வாரத்துக்குள். சேராமல் நின்றால் பிளவு! பல பெண்களுக்கு நாள் தள்ளிப் போனதே அப்போதுதான் தெரியும்.

உதடு மட்டும் பிளப்பது ஒரு வகை. அண்ணம் மட்டும், இரண்டும் சேர்ந்து என்றும் உண்டு. ஒரு பக்கமும் வரும், இரு பக்கமும் வரும். அபூர்வமாகப் பிளவு கண் வரை, காது வரை போவதும் உண்டு. அண்ணம் மட்டும் பிளந்தால் வெளியே தெரியாது. குடித்த பால் மூக்கில் வந்தால் உஷார்!

காரணம்? பரம்பரை, கர்ப்பத்துக்கு முன்பே தாய்க்கு இருந்த சர்க்கரை நோய், புகை, சில வலிப்பு மாத்திரைகள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள், அதுவும் ஆபத்து. பல பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை.

உதட்டை 3 மாதத்துக்கு மேல் தைக்கலாம். அண்ணத்தை ஒன்றரை வயதுக்குள் மூடுவது நல்லது; தள்ளிப் போனால் பேச்சு குழறும். 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தில் இந்த ஆபரேஷன் இலவசம்.

பஞ்சாங்கத்தைப் புரட்டியது போதும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடங்கள்!