கேட்டில் நிறுத்தியது போதும்

“பட்டாளத்திலிருந்து வந்திருக்கிறாரா? செக்யூரிட்டி வேலைக்குச் சொல்லிப் பார்க்கலாம்.” ஓய்வுபெற்ற சிப்பாய் ஒருவருக்கு வேலை கேட்டால் நம் ஊரில் உடனே வரும் பதில் இதுதான். ஏடிஎம் வாசல், அடுக்குமாடியின் கேட், நகைக்கடைக் கதவு. ராணுவத்தில் துப்பாக்கி பிடிக்கத்தான் கற்றுத் தருவார்கள், வெளியில் காவல் வேலையை விட்டால் அதற்கு வேறு பயன் இல்லை என்று நாமாகவே தீர்ப்பு எழுதிவிட்டோம். ஆண்டுதோறும் சுமார் 60 ஆயிரம் பேர் படைகளிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். அவர்களில் மிகப் பலர் நாற்பது வயதைக்கூட எட்டாதவர்கள். இத்தனை பேரின் மீதி வாழ்க்கையை நாற்காலி ஒன்றில் உட்கார வைக்கும் இந்த நம்பிக்கை முழுக்கத் தவறானது.

இந்திய ராணுவம் போரிடும் படை மட்டுமல்ல, ஓயாமல் கட்டிக்கொண்டே இருக்கும் படை. பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் தலைமையகம் கொண்ட பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸின் வரலாறு 1780-இல் தொடங்குகிறது. ‘தம்பிகள்’ என்று ராணுவம் முழுதும் அழைக்கும் அந்தப் படைக்குத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் இளைஞர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்து, சூரல்மலைப் பாலம் அடித்துக்கொண்டு போனபோது, முண்டக்கைக்கு வழி திறந்தவர்கள் இவர்களே. 190 அடி நீளப் பெய்லி பாலம் ஆகஸ்ட் 1 மாலையில் தயாராகிவிட்டது. மேற்பார்வையிட்ட மேஜர் சீதா ஷெல்கேயை நாடு பாராட்டியது, நியாயம்தான். அவரோடு நின்ற ஜவான்களின் வேலையையும் சற்று நெருங்கிப் பாருங்கள். பெய்லி பாலத்தின் ஒரு இரும்புச் சட்டம் சுமார் 260 கிலோ. ஆறு பேர் ஒரே நேரத்தில் அடியெடுத்து வைத்துத் தூக்க வேண்டும். துளையோடு துளை நேராகப் பொருந்தினால்தான் பின் இறங்கும். கொட்டும் மழையில், கீழே வெள்ளம் ஓட, பாலத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டும். இந்தக் கைகளை ஓய்வுக்குப் பிறகு லாரி நம்பர் எழுத வைக்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஹவில்தார் ஒருவர், பதினேழு ஆண்டுகள் பொக்லைன், டோசர் ஓட்டியவர், புறநகரில் அடுக்குமாடி எழும் ஒரு மனையின் கேட்டில்தான் நிற்கிறார். உள்ளே சென்ட்ரிங் முட்டுக்கு அடியில் மண் இளகிக் கிடப்பது அவர் கண்ணில் படுகிறது. போய்ச் சொன்னால், “உங்க வேலையைப் பாருங்க” என்கிறார் மேஸ்திரி. கேட்டில் நிற்பவருக்குக் கட்டடம் தெரியாது என்ற முடிவு அந்த மேஸ்திரியிடமும் இருக்கிறது, சம்பளம் போடும் முதலாளியிடமும் இருக்கிறது.

எல்லோரும் சாப்பர்கள் இல்லையே என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு சைட்டுக்கு வேண்டியது கரண்டி பிடிக்கும் கை மட்டுமல்ல. ஸ்டோர் கணக்கு, வண்டிப் பராமரிப்பு, மின் இணைப்பு, உயரத்தில் ஏறுபவர் பெல்ட் மாட்டியிருக்கிறாரா என்ற கண்டிப்பு, இவை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். படையில் இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி உண்டு.

“ஹவில்தாராக இருந்துவிட்டுக் கொத்து வேலையா?” என்ற கேள்வி சிப்பாயின் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. யூனிஃபார்ம் மாட்டினால் கௌரவம், சிமெண்ட் ஒட்டினால் இழிவு என்ற இந்த எண்ணத்தை நான் கொஞ்சமும் ஏற்கவில்லை. தேர்ந்த கொத்தனாரின் நாள் கூலி, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் காவலாளியின் கூலியைவிட அதிகம்.

சிப்பாய் வீட்டுப் பெண்களையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கணவர் லடாக்கில் இருக்க, அனுப்பும் பணத்தில் ஊரில் வீடு கட்டுவது மனைவிதான். மூட்டை எண்ணி இறக்குவதும், ஜல்லி லோடு குறைந்தால் சண்டை போடுவதும், கான்கிரீட் போட்ட மறுநாளிலிருந்து தண்ணீர் ஊற்றுவதும், மேஸ்திரிக்கு வாரக் கணக்கு முடிப்பதும் அவரே. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு அனுப்பிய வேலூர் மாவட்டக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் இப்படிப்பட்ட பெண்களைத் தேட வேண்டியதில்லை. முறையான பயிற்சி ஒன்று கொடுத்தால் சைட் மேற்பார்வையாளராக நிற்கக்கூடியவர்கள் அவர்கள்.

சிப்பாய்க்குக் காவல் வேலைதான் என்ற அதே நம்பிக்கையில்தான் அரசுகளின் பாதையும் ஓடுகிறது. தமிழக அரசு 1986-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அது அனுப்புவது பெரும்பாலும் காவல் பணிக்கு. டெல்லியிலுள்ள மறுவாழ்வு இயக்குநரகம் பாதுகாப்பு நிறுவனங்களைப் பட்டியலிட்டு ஆள் பரிந்துரைக்கிறது. அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய ‘ஹெல்மெட்ஸ் டு ஹார்ட்ஹாட்ஸ்’ என்ற அமைப்பு, படையிலிருந்து வெளியேறுகிறவரை நேராகக் கட்டுமானத் தொழிற்சங்கங்களின் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கிறது. சம்பளத்தோடு தொழில் படிக்கலாம், படைவீரர் கல்விச் சட்டத்தின்படி வீட்டு உதவித்தொகையும் உண்டு. நம்மிடம் ஆளும் இருக்கிறது, ஆள் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும் பில்டர்களும் இருக்கிறார்கள். நடுவில் பாலம்தான் இல்லை.

2022-இல் வந்த அக்னிபத் திட்டம், படையை விட்டு வந்த பிறகு என்ன வேலை என்ற கேள்வியை இன்னும் அவசரமாக்கியிருக்கிறது. நான்கு ஆண்டு சேவைக்குப் பிறகு நிரந்தரமாகத் தொடர்பவர்கள் 25 விழுக்காடு வரைதான் என்பது அறிவிப்பு. மற்றவர்கள் இருபதுகளின் தொடக்கத்திலேயே வீடு திரும்புவார்கள். அந்த வயதுப் பிள்ளையையும் கேட்டில் நிறுத்தப் போகிறோமா?

ஓய்வுக்கு முந்தைய மறுவாழ்வுப் பயிற்சியில் கட்டுமானத் தொழில்களுக்குப் பெரும் பங்கு வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எழுதியிருக்கும் தொழிலைத் தனியார் நிறுவனங்களும் ஐடிஐ சான்றிதழுக்குச் சமமாக ஏற்க வேண்டும். பயிற்சி இடங்களில் ஒரு பகுதியைச் சிப்பாய்களின் மனைவி, மகன், மகளுக்கு ஒதுக்க வேண்டும். பில்டர்களே, உங்கள் கேட்டில் நிற்கும் முன்னாள் படைவீரரிடம் நாளைக் காலை ஒரு கேள்வி கேளுங்கள்: “படையில் உங்கள் டிரேடு என்ன?” பதிலைக் கேட்ட பிறகு அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போங்கள்.