யார் வென்றாலும் நன்றாகத் தூங்குகிறவன்



சில ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தபோது, குளிர்காலச் சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றில் அவ்வூர்க் கால்பந்து மைதானத்தில் போய் நின்றேன். ஆடிய இரு அணிகளில் எதுவும் என்னுடையதன்று. அருகில் ஒரு முதியவர், கழுத்தில் பழைய கம்பளித் துண்டோடு நின்றிருந்தார். அவருடைய அணி இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்தது. இடைவேளையில் அவர் என்னிடம், "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். "எந்தப் பக்கமும் இல்லை ஐயா, ஆட்டத்தைப் பார்க்க வந்தேன்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "அப்படியானால் இன்றிரவு உங்களுக்கு நன்றாகத் தூக்கம் வரும்" என்றார்.

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, பொறாமையாகவும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. யார் வென்றாலும் நன்றாகத் தூங்குகிறவன் உண்மையிலேயே அந்த ஆட்டத்தைப் பார்த்தவன்தானா? இவ்வாரம் இக்கேள்வியை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு மைதானத்திலும் ஓர் ஆட்டம் பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஐரோப்பாவில் பலர் உண்டு. இதற்குக் 'கிரவுண்ட்ஹாப்பிங்' என்று பெயர். இங்கிலாந்தில் பிரீமியர் லீக்கின் 20 கழகங்களும் அதற்கடுத்த மூன்று பிரிவுகளின் 72 கழகங்களும் சேர்ந்து 92. இந்தத் தொண்ணூற்றிரண்டு மைதானங்களிலும் ஆட்டம் கண்டவர்களுக்கென்றே 1978 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. இந்தப் பட்டியல் ஒருநாளும் நிலையாக நிற்பதில்லை. ஆண்டுதோறும் இரு கழகங்கள் கீழே இறங்க, வேறு இரண்டு மேலே ஏறுகின்றன. ஒரு கழகம் புது அரங்கம் கட்டினால், பழையதைக் கண்டவரும் மறுபடி பயணப்பட வேண்டும். முடித்துவிட்டேன் என்று உட்கார்ந்தவர் ஆகஸ்ட் மாதம் வந்ததும் மீண்டும் எழுந்து புறப்படுகிறார்.

இப்பழக்கத்தை எள்ளி நகையாடுவது எளிது. நான் அதைச் செய்யமாட்டேன். தன் அணியின் வெற்றி ஒன்றையே எதிர்நோக்கியிருப்பவன் தொண்ணூறு நிமிடமும் பந்தை மட்டுமே பார்க்கிறான். நடுநிலையாளனுக்கோ கண் கட்டவிழ்ந்திருக்கிறது. தோற்றவர்களின் முகத்தை அவன் பார்க்கிறான். எதிரணி வீரனின் அழகான ஆட்டத்திற்கும் அவனால் கைதட்ட முடிகிறது. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், தெற்குப் பக்கத்து மேடையில் மட்டும் ஏறத்தாழ 25,000 பேர் மஞ்சள் சுவர்போல் நின்றுகொண்டே ஆட்டம் பார்ப்பார்கள். அந்தச் சுவருக்குள் ஒருவராக நிற்பவருக்குச் சுவர் தெரியாது. எதிரே அமர்ந்திருக்கும் விருந்தினனுக்கே அது முழுமையாகத் தெரியும்.

பெர்லினில் யூனியன் கழகத்தின் அரங்கிற்குச் செல்கிறவர் வேறொன்றைக் கற்றுக்கொள்வார். அரங்கைப் புதுப்பிக்கப் போதிய பணம் இல்லாத நிலையில், 2008, 2009 ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் தங்கள் கைகளாலேயே கல்லும் சாந்தும் சுமந்து அதைக் கட்டினார்கள். அவர்கள் கொடுத்த உழைப்பு ஏறத்தாழ 1,40,000 மணி நேரம் என்பர். 2003-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில், தோல்விமேல் தோல்வி கண்டு மனம் சோர்ந்திருந்த அக்கழகத்தின் ரசிகர்கள் 89 பேர், அழைப்பின்றி அரங்கிற்குள் நுழைந்து கிறிஸ்துமஸ் கீதங்கள் பாடினார்கள். இன்று அது அரங்கு நிறைந்த ஆயிரக்கணக்கானோர் மெழுகுவர்த்தி ஏந்திப் பாடும் ஆண்டு நிகழ்வாக வளர்ந்திருக்கிறது. இவற்றையெல்லாம் தன் ஊரைவிட்டு வெளியே காலெடுத்து வைக்காதவன் எப்படி அறிவான்?

இங்கிலாந்தின் மைதானங்களைச் சுற்றிவருகிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ, பழைய திருச்சபைகளின் தடங்களின்மீது நடக்கிறார். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களுக்கும் இளையோருக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வேலையை முடித்துவைத்தது. சனிக்கிழமைப் பிற்பகலின் ஓய்வு மெல்ல மெல்லத் தொழிலாளர் உலகெங்கும் பரவியது. அந்த ஓய்வு நேரத்தில் வாலிபர்களைக் குடியிலிருந்தும் சண்டையிலிருந்தும் விலக்கிவைக்க, போதகர்களும் வேதபாட ஆசிரியர்களும் அவர்கள் கையில் பந்தைக் கொடுத்தார்கள். பர்மிங்காமில் ஒரு வெஸ்லியன் ஆலயத்து இளைஞர்கள் 1874-இல் தொடங்கியது ஆஸ்டன் வில்லா. லிவர்பூலில் செயின்ட் டொமிங்கோ மெதடிஸ்ட் ஆலயத்தார் 1878-இல் தொடங்கியது எவர்டன். மான்செஸ்டரில் செயின்ட் மார்க் ஆலயத்திலிருந்து 1880-இல் முளைத்தது இன்றைய மான்செஸ்டர் சிட்டி. செயின்ட் மேரி ஆலயத்து வாலிபர் சங்கம் 1885-இல் பெற்றெடுத்தது சவுத்தாம்ப்டன்.

2025 மே 18 அன்று, 1892 முதல் தன் இல்லமாக இருந்த குடிசன் பார்க்கில் எவர்டனின் ஆண்கள் அணி கடைசி லீக் ஆட்டத்தை ஆடியது. எதிரணி, ஏற்கெனவே கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது உறுதியாகிவிட்ட சவுத்தாம்ப்டன். எவர்டன் 2-0 என வென்றது. அரங்கின் ஒரு மூலையில், இருக்கைகளை ஒட்டினாற்போல், செயின்ட் லூக் ஆலயம் நிற்கிறது. ஆலயங்களில் பிறந்த இரு கழகங்கள், ஓர் ஆலயத்தின் சுவரோரம் விடைபெற்றுக்கொண்டன. இதைத் திட்டமிட்டவர் ஒருவருமில்லை. ஆனால் பயணி இதைக் கவனித்திருந்தால், அன்றைய கோல்களைவிட அதிகமாக ஒன்றைக் கண்டிருப்பார்.

இத்தனையும் சொன்னபின் கசப்பான ஒன்றையும் நாம் ஒளிக்கக்கூடாது. ஆலயத்தில் பிறந்ததெல்லாம் அன்பிலேயே நிலைத்துவிடவில்லை. கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பசித்த ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்ட, வால்ஃப்ரிட் என்னும் துறவி 1887-இல் செல்டிக் கழகத்தைத் தொடங்கிவைத்தார். காலப்போக்கில், கத்தோலிக்கர் ஒரு பக்கமும் புராட்டஸ்டன்டினர் மறுபக்கமும் என அந்நகரமே இரண்டாகப் பிளந்து, ஆண்டவரின் பெயராலேயே ஒருவரையொருவர் வசைபாடும் இடமாக ஆட்டக்களம் மாறியது. எதிர்க்கழகமான ரேஞ்சர்ஸ், பல பத்தாண்டுகளாகக் கத்தோலிக்க வீரர்களைச் சேர்க்காத வழக்கத்தை 1989-இல்தான் வெளிப்படையாகக் கைவிட்டது. பற்றில்லாமல் பார்க்கும் கண்களின் தேவை இங்கே விளங்குகிறது.

ஆயினும் நடுநிலை என்பது பலகையில் எழுதிவைப்பதால் உண்டாவதில்லை. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில், லிவர்பூலும் யுவென்டஸும் மோதிய ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்திற்காக, லிவர்பூல் ரசிகர்களை ஒட்டியிருந்த 'இசட்' பிரிவு நடுநிலையாளர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் சீட்டுகள் பல இத்தாலிய ரசிகர்களின் கைகளுக்குப் போய்ச்சேர்ந்தன. இடையில் மெல்லிய வேலி ஒன்றே இருந்தது. ஆட்டத்திற்கு முன் ஒரு கூட்டம் அதைத் தாண்டிப் பாய்ந்தது. மக்கள் பின்வாங்கி நெருக்குண்டார்கள். ஒரு சுவர் சரிந்தது. 39 பேர் மாண்டார்கள். இதற்கு மாறாக, இலண்டனில் ஃபுல்ஹம் கழகத்தின் கிரேவன் காட்டேஜ் அரங்கில், இரு பக்கத்தாரும் அருகருகே அமரக்கூடிய நடுநிலைப் பகுதி ஒன்று நெடுங்காலம் அமைதியாகவே இருந்துவந்தது. ஒதுக்கிய இடத்தின் பெயர் இரண்டிலும் ஒன்றே. வந்தவர்கள் எந்த மனத்தோடு வந்தார்கள் என்பதும், அவர்களைக் காக்கவேண்டியவர்கள் எவ்வளவு கவனமாயிருந்தார்கள் என்பதுமே வேறுபாடு.

இப்போது என் மனத்தை நெடுநாள் உறுத்திய செய்திக்கு வருகிறேன். மான்செஸ்டருக்கு வடக்கே பரி என்றோர் ஊர். அங்கும் வெஸ்லியன் அணி ஒன்றும் யூனிட்டேரியன் அணி ஒன்றும் கூடிப் பேசி 1885-இல் ஒரு கழகத்தை உண்டாக்கின. 1900-இலும் 1903-இலும் அக்கழகம் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. நூற்றாண்டுக்கு மேல் அவ்வூரார் கிக் லேன் மைதானத்தில் சனிக்கிழமைகளைக் கழித்தார்கள். பின்னாளில் கழகம் கடனில் மூழ்கியது. 2019 ஆகஸ்ட் 27 அன்று, எப்படியும் கழகம் காப்பாற்றப்பட்டுவிடும் என்ற நம்பிக்கையில், ரசிகர்கள் பலர் துடைப்பமும் வாளியுமாக வந்து, அடுத்த ஆட்டத்திற்கென்று இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிரவே கழகம் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது.

அந்தப் பருவத்தில் 92 என்ற எண் 91 ஆயிற்று. பட்டியல் வைத்திருந்த பயணிக்கு அது ஒரு வரியை அடிப்பது, அவ்வளவுதான். துடைப்பத்தோடு வந்தவருக்கோ, தகப்பன் தன் கையைப் பிடித்து அழைத்துச்சென்ற இடம் பூட்டப்பட்டது. ஒரே மைதானம், ஒரே செய்தி. ஆனால் ஒருவர் இழந்தது எண், மற்றவர் இழந்தது வீடு. அம்முதியவர் என்னிடம் சொன்னதன் பொருள் இதுதான் என்று பின்னரே உணர்ந்தேன். பரியின் மக்கள் அன்றிரவு தூங்கியிருக்கமாட்டார்கள். ஆனால் மைதானத்தை மறுபடி திறக்கப் போராடி, 2023-இல் மிகக் கீழான ஒரு பிரிவில் அங்கே மீண்டும் ஆட்டம் நடக்கச் செய்தவர்களும், தூக்கமிழந்த அந்த ரசிகர்களே. பட்டியல் எழுதியவர்களால் மட்டும் அது நடந்திருக்காது.

"போதகரே, இது வெறும் பொழுதுபோக்குத்தானே? ஓய்வு நாளில் ஆட்டம் பார்க்கிறவன்மேல் ஏன் இத்தனை பாரம் சுமத்துகிறீர்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உலகிலுள்ள எல்லாக் கழகங்களுக்காகவும் ஒருவர் கண்ணீர்விட முடியாது, விடவேண்டியதுமில்லை. நான் கேட்பது கண்ணீரை அன்று. அந்நியனாய்ச் செல்கிறவன் விருந்தினனாய்ச் செல்லட்டும் என்பதே என் எளிய கருத்து. அந்நியன் பார்த்துவிட்டுப் போகிறான். விருந்தினனோ, இது பிறர் வாழும் வீடு என்று அறிந்து உள்ளே வருகிறான்.

விருந்தினனுக்கு உரிய ஒழுக்கம் கடினமானதன்று. சிறிய கழகங்களின் வாயிலில் சீட்டுக்குக் கொடுக்கும் பணமும், உள்ளே வாங்கும் தேநீரின் விலையும்கூட அங்கே கணக்கில் வரும். பெரிய அணிகளுக்கு ஆட்டமில்லாத ஒரு சனிக்கிழமையில் சிறிய கழகங்களைத் தேடிச்செல்லும்படி மக்களை அழைக்கும் 'நான்-லீக் டே' இங்கிலாந்தில் 2010 முதல் நடைபெறுகிறது. நடுநிலையாளனின் கால்கள் பயன்படும் நாள் அது. உள்ளே சென்றபின், தோற்கிற அணியைக் கேலி செய்யாதிருக்கலாம். கடைசி விசில்வரை நிற்கலாம். பக்கத்திலிருப்பவரிடம் அக்கழகத்தின் கதையைக் கேட்கலாம். அவர் சொல்லும்போது கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடலாம். ஊர் திரும்பியபின், அக்கழகத்தின் பெயர் செய்தியில் வந்தால் ஒரு கணம் நின்று வாசிக்கலாம்.

அதற்கும் மேலாக ஒன்று உண்டு. எங்கும் விருந்தினனாக மட்டுமே வாழ்கிறவன் விருந்தோம்பலையும் முழுமையாக அறியமாட்டான். எங்கோ ஓரிடத்தில், மழையிலும் தோல்வியிலும் விட்டுப்போகாமல் நிற்கும் ஓர் இடம் நமக்கென்று இருந்தால்தான், பிறருடைய நிற்றலின் விலை நமக்குத் தெரியும்.

இதை எழுதும்போது என் ஊழியத்தையும் நினைக்காமலிருக்க முடியவில்லை. ஞாயிறுதோறும் வெவ்வேறு ஆலயத்திற்குச் சென்று, இங்கே பாடல் நன்று, அங்கே பிரசங்கம் நன்று என்று ஒப்பிட்டுச் சொல்பவர்கள் உண்டு. அவர்களை நான் கடிந்துகொள்ளமாட்டேன். பிற சபைகளின் நன்மையைக் காணும் கண் நல்ல கண்ணே. ஆனால் ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதும், சபையில் ஒருவர் மரணப்படுக்கையில் இருக்கும்போதும், கூரை ஒழுகும்போதும் யார் அங்கே இருக்கிறார்கள் என்பதே சபையைச் சபையாக்குகிறது.

அன்று அந்த முதியவரின் அணி கடைசியில் ஒரு கோல் போட்டது, ஆனாலும் தோற்றது. அந்த ஒரு கோலுக்கு அவர் என் தோளைப் பற்றிக் குலுக்கினார்; நானும் என்னை அறியாமல் கூவிவிட்டேன். வாயிலில் பிரியும்போது, "அடுத்த சனிக்கிழமை வெளியூரில் ஆட்டம்; அதற்கடுத்தது இங்கேதான்" என்றார். நான் வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வீட்டார் விருந்தினனிடம் சொல்வதுபோல் அதைச் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உடனே தூக்கம் வரவில்லை என்பதை நன்றியோடு இங்கே எழுதிவைக்கிறேன்.

இவ்வாரச் சிந்தனைக்கு: நீங்கள் கடந்துசெல்லும் இடங்களில் எதை எண்ணிக்கையாகப் பார்க்கிறீர்கள், எதை ஒருவருடைய வீடாகப் பார்க்கிறீர்கள்?