"அசைய வேண்டாம்" என்று சொன்னால் மட்டும் போதுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இருதய வருத்தக்காரர் இருந்தால் கடைசிவரை வாசியுங்கோ.

எங்கட பக்கத்தில் இருந்து கொழும்புக்கோ கண்டிப் பக்கமோ போய், இதயத்துக்கு அணு ஸ்கான் எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் இதைத் தாலியம் ஸ்கான் என்பார்கள். இதயத் தசைக்கு இரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கும் பரிசோதனை இது. அடுத்தது அஞ்சியோகிராமா, மருந்தோடு சமாளிக்கலாமா என்று டொக்டர் முடிவெடுக்க இந்த ரிப்போர்ட்டும் உதவும். அந்த ரிப்போர்ட் சரியாக வருவது மெசினின் கையில் மட்டும் இல்லை. கட்டிலில் கிடக்கிறவர் அசையாமல் இருப்பதிலும் இருக்கிறது. ஏன் அசையக்கூடாது என்று அவருக்கு அவருடைய மொழியில் விளங்கப்படுத்துவதில்தான் நாங்கள் பின்தங்கி நிற்கிறோம் என்பது என் கருத்து.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கையில் ஓர் ஊசி போடுவார்கள். அதில் இருப்பது மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்து. இப்போது பெரும்பாலும் டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுட்காலம் 6 மணித்தியாலம். பழைய தாலியம்-201க்கு அது 73 மணித்தியாலம் அளவில். மருந்து இரத்தத்தோடு போய் இதயத் தசையில் தங்கும். இரத்தம் நன்றாகப் போகும் இடத்தில் கூடுதலாகவும், குறைவாகப் போகும் இடத்தில் குறைவாகவும் தங்கும். ஓய்வாக இருக்கும்போது ஒருமுறையும், நடக்கவிட்டோ மருந்து கொடுத்தோ இதயத்துக்கு வேலை கொடுத்த பிறகு ஒருமுறையும் படம் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

காமா கமெரா நெஞ்சைச் சுற்றி அரை வட்டமாக நின்று நின்று நகரும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 20, 25 செக்கன் படம் பிடிக்கும். ஏறக்குறைய 60 கோணங்கள். வழமையான கமெராவில் ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போகும். பிறகு கணினி அவ்வளவு படங்களையும் சேர்த்து இதயத்தின் முழு உருவத்தை உண்டாக்கும்.

சித்திரப் பாடத்தில் மேசையில் ஒரு பானையை வைத்து, அதைச் சுற்றி நடந்து ஒவ்வோர் அடிக்கும் ஒரு படம் கீறுகிறோம் என்று வையுங்கோ. பாதியில் யாரோ பானையை அரை அங்குலம் தள்ளிவிட்டார்கள். அது தெரியாமல் எல்லாப் படத்தையும் ஒட்டினால் பானையில் இல்லாத வெடிப்பு தெரியும். கணினிக்கும் இதுதான் நடக்கிறது. இதயம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இடத்தில் இருந்தது என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது.

அரை அங்குலம் என்று சும்மா சொல்லவில்லை. இந்தப் படங்களில் ஒரு புள்ளி ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். அந்தளவு அசைவு பெரும்பாலும் முடிவை மாற்றாது. இரண்டு புள்ளி, அதாவது 13 மில்லிமீற்றர் அளவு நகர்ந்தால், நல்ல இதயச் சுவரிலும் இரத்தம் போகாத இடம் போல ஒரு குறை தோன்றலாம். உண்மையான குறை மறைந்துபோகவும் இடம் உண்டு. தொடக்கத்திலோ முடிவிலோ அசைவதைவிட நடுவில் சடாரென்று அசைவது கூடுதலாகப் பாதிக்கும்.

கை கால் அசையாமலும் இதயம் நகரும். வேகமாக நடந்து மூச்சு வாங்கும்போது பிரிமென்றகடு கீழே இறங்கியிருக்கும். மூச்சு அடங்க அடங்க இதயமும் மெல்ல மேலே ஏறும். அதனால்தான் நடந்து முடிந்த உடனே படம் எடுக்காமல் கொஞ்சம் இருக்கவைக்கிறார்கள். வீணாகக் காக்கவைக்கிறார்கள் என்று கோபப்படாதேயுங்கோ.

இனி எங்கட ஆட்களின் நிலையை யோசியுங்கோ. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர் அளவில். இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து நாரி நோ. சொன்னபடி தேத்தண்ணியும் விட்டாயிற்று. குளிரூட்டிய அறையில் இடுங்கலான கட்டிலில் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கிடக்கவேண்டும். இதய வருத்தக்காரர் பலருக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. சீனி உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவதும் கூட. அந்தத் தோளை 20 நிமிடம் தூக்கி வைத்திருப்பது சின்ன வேலையா?

எனக்குத் தெரிந்த ஒரு மாமி நோ தாங்காமல் இடையில் கையை இறக்கி, திரும்ப மெல்ல வைத்துவிட்டாராம். ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏசுவார்கள் என்ற பயம். அவருக்குச் சிங்களத்தில் சொல்லப்பட்டது "அசைய வேண்டாம்" என்ற ஒன்றுதான். ஏன், எவ்வளவு நேரம், நொந்தால் என்ன செய்வது என்று எதுவும் சொல்லப்படவில்லை.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் பயிற்சி எடுத்த காலத்தில், சொன்னது பிள்ளைக்கு விளங்கியதா என்று பார்க்காமல் அடுத்த பாடத்துக்குப் போகாதே என்றுதான் படித்தோம். ஆறாம் ஆண்டுப் பிள்ளையைக்கூட "ஆடாமல் இரு" என்று சொல்லி 20 நிமிடம் இருத்த முடியாது. காரணமும் நேரமும் சொன்னால் இருக்கும். பெரியவர்களும் அப்படித்தான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஸ்கான் அறைக்கு வெளியே தமிழில் ஒரு பக்க அறிவுறுத்தல் ஒட்ட ஒரு தாள் போதும். அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் ஓய்வில்லை, தெரியும். அந்தத் தாள் அவர்களுடைய வேலையையும் குறைக்கும்.

கணினி திருத்திவிடும்தானே என்று சிலர் கேட்கலாம். திருத்தும் மென்பொருள் உண்டு. மேலும் கீழுமான அசைவை ஓரளவு சரிசெய்யும். உடம்பு திரும்பினால் கஷ்டம். அதைவிட நல்லது அங்கேயே திரும்ப எடுப்பது. டெக்னீசியம் மருந்து சில மணித்தியாலம் இதயத்தில் தங்குவதால் பெரும்பாலும் இன்னோர் ஊசி தேவைப்படாது. வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் திரும்ப அதே பயணம், அதே செலவு. மருந்தும் நினைத்தவுடன் கிடைக்கிற பொருள் இல்லை. டெக்னீசியத்தைத் தரும் மொலிப்டினம்-99 அணு உலையில் உண்டாவது. எங்கட நாட்டில் அணு உலை இல்லை. வெளிநாட்டில் இருந்துதான் வரவேண்டும். அதன் அரை ஆயுட்காலமும் 66 மணித்தியாலம்தான்.

அரசு தாள் ஒட்டும்வரை நாங்கள் வீட்டில் செய்யக்கூடியவை இவை:

போக முந்திய கிழமையே கையைத் தலைக்கு மேல் வைத்து, மணிக்கூட்டைப் பார்த்து 20 நிமிடம் படுத்துப் பழகட்டும். எங்கே நோகிறது என்று அப்போதே தெரியும்.

தோள் நோ, நாரி நோ, இருமல் இருந்தால் கட்டிலில் ஏற முதல் சொல்லுங்கோ. முழங்காலுக்குக் கீழே தலையணை, போர்த்த ஒரு போர்வை கேளுங்கோ. கேட்பது குற்றம் இல்லை.

சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கோ.

மூச்சு வழமைபோல. பெருமூச்சு, கதை, நித்திரை வேண்டாம். திக்ரோ தேவாரமோ மனதுக்குள் இருக்கட்டும். விரல் மடித்து எண்ண வேண்டாம்.

அசைந்துவிட்டால் மறைக்க வேண்டாம், உடனே சொல்லுங்கோ. இறங்கியதும், படத்தில் அசைவு இருக்கிறதா பார்த்தீர்களா என்று கேளுங்கோ. படங்களைச் சுழலவிட்டுப் பார்த்தால் அசைவு தெரியும்.

கூடப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் துணையாகப் போவது பை தூக்க மட்டும் இல்லை. உள்ளே என்ன நடக்கும் என்று முதல்நாள் இரவே தமிழில் ஆறுதலாகச் சொல்லிக் கொடுங்கோ.

சிங்களமும் தமிழும் தெரிந்த எங்கட இளம் ஆட்கள் முன்வந்தால், அந்த ஒரு பக்க அறிவுறுத்தலை இரண்டு மொழியிலும் நானே எழுதித் தருகிறேன். ஒரு டொக்டரிடம் காட்டித் திருத்தி, பள்ளிவாசலிலும் கோவிலிலும் தேவாலயத்திலும் கிளினிக்கிலும் ஒட்டுவோம். விருப்பம் உள்ளவர்கள் கீழே பெயரைப் போடுங்கோ.