தேங்காய் எண்ணெயும் சராசரிக் கணக்கும்

“தேங்காய் எண்ணெயில் விமானம் பறக்கும்” என்ற வாசகத்துக்கு 2008 பெப்ரவரி 24இல் நடந்த ஒரு பறப்பு சான்றாகக் காட்டப்படுகிறது. அன்று வேர்ஜின் அற்லாண்டிக் நிறுவனத்தின் போயிங் 747 ஒன்று லண்டனிலிருந்து அம்ஸ்ரடாமுக்குச் சென்றது. தேங்காய் எண்ணெய், பபாசு எண்ணெய் ஆகியவற்றிலிருந்து தயாரித்த எரிபொருள் அதன் நான்கு இயந்திரங்களில் ஒன்றுக்கு மட்டும், அதுவும் 20 வீதக் கலவையாகக் கொடுக்கப்பட்டது. விமானத்தில் பயணிகள் இல்லை. வாசகத்தைப் பரப்புவோர் இந்த விபரங்களை விழுங்கிவிட்டு இன்னொரு கூற்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: கலவையின் இயல்பு இரு எரிபொருள்களின் இயல்புகளுக்கும் நடுவே, கலந்த விகிதப்படி அமையும், விகிதம் தெரிந்தால் மற்றதெல்லாம் வெறும் சராசரிக் கணக்கு. தென்னை வளரும் ஊரெல்லாம் எரிபொருள் வயலாகிவிடும் என்ற கனவு இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. கணக்கு பிழையானது.

அடர்த்திக்கு மட்டும் அது ஏறத்தாழப் பொருந்தும். அங்கேயும் அது அவர்களுக்குச் சாதகமாக முடிவதில்லை. ஐதரசனேற்றிய தாவர எண்ணெயிலிருந்து பெறும் எரிபொருளை 50 வீதம் வரை கலக்க 2011இல் அனுமதி கிடைத்தது. கன மீற்றருக்கு 755 கிலோகிராம் அடர்த்தியுள்ள அத்தகைய எரிபொருளை, 790 கிலோகிராம் அடர்த்தியுள்ள வழமையான விமான எரிபொருளான ஜெற் ஏ-1 உடன் பாதிக்குப் பாதி கலந்தால் 772.5 வரும். தரநிர்ணயம் கேட்கும் குறைந்த அளவு 775. அனுமதித்த விகிதத்துக்குள் நின்றும் கலவை தோற்றுவிடுகிறது.

பிசுக்குமையைச் சராசரியாகக் கூட்ட முடியாது. அதற்கு மடக்கை வழியான கலப்பு விதிகள் வேண்டும். ஆவி தீப்பற்றும் வெப்பநிலையில் சராசரிக் கணக்கு இன்னும் மோசமாக உடைகிறது. வாழைச்சேனையின் சிறு படகுகளில் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்கள் உண்டு. மண்ணெண்ணெய்க் கானுக்குள் சிறிது பெற்றோல் கலந்தாலே அதன் தீப்பற்று வெப்பநிலை சடுதியாக விழுந்துவிடும். திரவத்தில் சிறுபான்மையான இலகு கூறு அதன் மேலுள்ள ஆவியில் பெரும்பான்மையாகிவிடுவதே காரணம். ஜெற் ஏ-1 இல் இந்த வெப்பநிலை 38 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான மறுப்பை உறைநிலை தருகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம். அதற்கு 12 காபன் அணுக்கள். விமான எரிபொருள் 8 முதல் 16 காபன் வரை பரந்தது என்பதால், தேங்காய் இயற்கையிலேயே பொருத்தமானது என்று வாதிடுகிறார்கள். காபனை எண்ணியவர்கள் சங்கிலியின் வடிவத்தைப் பார்க்கவில்லை. லோரிக் அமிலத்திலிருந்து ஒட்சிசனை மட்டும் நீக்கினால் கிடைப்பவை கிளையற்ற நேர்ச்சங்கிலிகள். அவற்றுள் ஒன்றான தொடெக்கேன் −9.6 பாகையிலேயே உறைகிறது. ஜெற் ஏ-1 இன் உறைநிலை −47 பாகை அல்லது அதற்கும் கீழே இருக்கவேண்டும். உயரத்தில் விமானத்துக்கு வெளியேயுள்ள காற்று −50 பாகைக்கும் கீழே போவது வழமையானது.

−47 பாகை உறைநிலையுள்ள ஜெற் ஏ-1 இல் தொடெக்கேனை 25 வீதம் கலப்பதாகக் கொள்வோம். சராசரிக் கணக்கு ஏறத்தாழ −38 பாகை என்று சொல்லும். ஆனால் ஒரு கூறு எப்போது பளிங்காகப் பிரியும் என்பதை அதன் மூல் பின்னமும், அதன் உருகுநிலையும், உருகுவதற்கு வேண்டிய வெப்பமும் தீர்மானிக்கின்றன. இலட்சியக் கரைசலாகக் கொண்டு கணித்தால் −30 பாகை அளவிலேயே பளிங்குகள் தோன்றத் தொடங்கும். சராசரி எட்டுப் பாகை ஏமாற்றுகிறது, அதுவும் ஆபத்தான பக்கமாக. −47 பாகையில் கரைந்து நிற்கக்கூடிய தொடெக்கேன் ஏறத்தாழ 6 வீதமே. 16 காபன் கொண்ட நேர்ச்சங்கிலிக்கு அந்த எல்லை 0.2 வீதத்துக்கும் குறைவு. சாதாரண ஜெற் ஏ-1 இலும் இந்தச் சங்கிலிகள் ஏற்கெனவே இருப்பதால் இடம் இன்னும் சுருங்குகிறது. எரிபொருள் முழுவதும் உறைய வேண்டியதில்லை. வடிகட்டியை அடைக்கச் சிறிதளவு பளிங்கு போதும்.

2018 ஓகஸ்ட் 27இல் டெஹ்ராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெற் விமானம் 25 வீதக் காட்டாமணக்கு எரிபொருளோடு பறந்ததும் உதாரணமாகச் சொல்லப்படுகிறது. அது எண்ணெயை ஊற்றிக் கலந்த வேலை அன்று. இந்தியப் பெற்றோலிய நிறுவகம் அந்த எண்ணெயை வேதியியல் முறையில் மாற்றிய பிறகே அது விமானத்துக்குள் சென்றது. நேர்ச்சங்கிலிகளைக் கிளைச்சங்கிலிகளாக்கும் சமபகுதியாக்கம் உறைநிலையைக் கீழே இறக்கும் முக்கிய படி. கலவையின் உறைநிலையைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தப் படி எவ்வளவு முழுமையாக நடந்தது என்பதே. மூலப்பொருள் எந்த மரத்தில் காய்த்தது என்பது மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை.

விகிதக் கணக்கு கவனிக்காத அரோமற்றிக் சேர்வைகளும் உண்டு. பழைய இறப்பர் அடைப்புகள் வீங்கி இறுக அவை தேவைப்படுவதால், கலவையில் குறைந்தது 8 வீதம் இருக்கவேண்டும். ஐதரசனேற்றிய எரிபொருளில் அவை ஏறத்தாழ இல்லை.

ஆகவே முன்கணிப்புக்கு விகிதம் போதாது. கூறுகளின் பட்டியல் வேண்டும். இருபரிமாண வாயு நிறப்பகுப்பியல் எந்த வகைச் சேர்வை எத்தனை காபனோடு எவ்வளவு உள்ளது என்று காட்டும். அடர்த்தி, பிசுக்குமை, ஆவியமுக்கம், பளிங்காதல் ஒவ்வொன்றுக்கும் அதனதன் சமன்பாடு பிறகு வருகிறது. அந்தப் பட்டியல் தொகுதிக்குத் தொகுதி மாறும். இலங்கையின் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகெண்ணெய்க்காக வடிவமைக்கப்பட்டது. பின்னர் வேறு மசகெண்ணெய்களும் அங்கே வந்தன. இறக்குமதியாகும் ஜெற் ஏ-1 இன் கூறுகளும் ஒன்றாக இருப்பதில்லை. கலப்பின் ஒரு பாதியே இப்படி மாறும்போது, ஒரு தொகுதிக்குச் செய்த கணிப்பை அடுத்த தொகுதிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. கலந்த எரிபொருளின் உறைநிலையும் அடர்த்தியும் ஒவ்வொரு முறையும் ஆய்வுகூடத்தில் அளக்கப்பட்ட பிறகே அது விமானத்துக்கு விடுவிக்கப்படுகிறது.