குதிரையும் குழியும்

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று ஒரு பழமொழி உண்டு. கோலார் தங்கவயலில் குழிக்குப் பஞ்சமில்லை. 3 கி.மீ.க்கு மேல் ஆழமான குழி அங்கே தயாராக இருக்கிறது. மிச்சமிருப்பது குதிரைதான்.

பெங்களூரில் நாலு காசு சேர்த்தவர்களின் ஆசைப் பட்டியலில் பண்ணை வீடு பல காலமாக இருக்கிறது. தென்னை, மா, ஒரு கிணறு, இரண்டு பசு என்று இருந்த அந்தப் பட்டியலில் இப்போது சிலர் குதிரையையும் சேர்க்கிறார்கள். நகரத்தை ஒட்டிய தேவனஹள்ளி, ஹொசகோட்டை பக்கம் நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டதால், பார்வை கிழக்கே திரும்பியிருக்கிறது. மாலூர், பங்காருப்பேட்டை, அதைத் தாண்டித் தங்கவயல். பெங்களூரிலிருந்து சுமார் 100 கி.மீ. போதாக்குறைக்கு பெங்களூர் - சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதியில் 2024 டிசம்பரில் வண்டிகள் ஓடத் தொடங்கின. தரகர்களின் பேச்சில் அதற்குப் பிறகு புது உற்சாகம். ஆனால் அவர்கள் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. அது நினைத்த இடத்தில் ஏறி இறங்கக்கூடிய சாலை அல்ல. சாலையை ஒட்டியே நிலம் இருந்தாலும், ஏறுவதற்கு அடுத்த சந்திப்பு வரை சுற்றித்தான் போகவேண்டும்.

தங்கவயலில் இடம் பிடிக்க வந்து கையைச் சுட்டுக்கொண்ட முதல் ஆள் ஓர் அயர்லாந்துக்காரர். மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லெவல், நியூஸிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டு பெங்களூர் கண்டோன்மென்ட்டில் குடியேறிய ஓய்வுபெற்ற சிப்பாய். 1804-இல் லெஃப்டினன்ட் வாரன் என்பவர் எழுதிய பழைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, மாட்டு வண்டி பிடித்துக் கோலாருக்குப் போனார். மைசூர் அரசிடம் 1873-இல் மனுப் போட்டார். 1875-இல் 20 ஆண்டுகளுக்கு உரிமம் கிடைத்தது. இரண்டே ஆண்டில் கைப்பணம் கரைந்தது. 1877-இல் உரிமையை ராணுவ அதிகாரிகளின் கூட்டு ஒன்றுக்கு விற்றுவிட்டு ஒதுங்கினார். பின்னால் ஜான் டெய்லர் கம்பெனி வந்து தோண்டத் தொடங்கிய அந்த இடத்தில், சுரங்கம் மூடப்பட்ட 2001 வரை கிடைத்த தங்கம் சுமார் 800 டன். உரிமப் பத்திரம் கையில் இருந்தது, தோண்டப் பணம் இல்லை. நிலம் வாங்குகிறவர்களுக்கு அன்றும் இன்றும் அதே பாடம்தான்: வாங்கும் விலை ஒரு கணக்கு, வைத்துக் காப்பாற்றும் விலை வேறு கணக்கு.

குதிரைக்கு நிலம் தேடுபவர் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது, தங்கவயலுக்குள் வாங்குவதற்கு அநேகமாக எதுவும் இல்லை என்பதை. சுரங்கப் பகுதி முழுவதும் மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் நிலம். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்துக்குப் பூட்டு விழுந்தது. நிலத்தின் கதி என்ன என்ற கேள்வி அதன் பிறகு நீதிமன்றங்களிலும் அமைச்சக மேஜைகளிலும் அலைந்தது. யாராவது ஒருவர் சாம்பியன் ரீஃப்பிலோ மாரிகுப்பத்திலோ காலியிடத்தைக் காட்டி, 'கம்பெனி நிலம்தான், ஆனால் கைமாற்றிக்கொள்ளலாம்' என்றால் அங்கிருந்து நடையைக் கட்டுவது நல்லது.

எனவே தேட வேண்டியது சுற்றியுள்ள கிராமங்களில். இங்கேதான் கர்நாடகச் சட்டம் குறுக்கே நின்றது. தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்கத் தடை இல்லை. கர்நாடகத்தில் இருந்தது. தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருந்தபோது 1974 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத் திருத்தம், உழுபவனுக்கே நிலம் என்பதைச் சட்டமாக்கியது. கூடவே விவசாயம் அல்லாத வருமானம் ஓர் அளவுக்கு மேல் உள்ளவர் நிலம் வாங்கமுடியாது என்றும் விதித்தது. அந்த அளவு வெகு நாள் 2 லட்ச ரூபாய். 2015-இல் அது 25 லட்சமாயிற்று. 2020-இல், விவசாயச் சங்கங்களின் எதிர்ப்பையும் மீறி, அந்தப் பிரிவுகளே நீக்கப்பட்டன. யாரும் வாங்கலாம் என்றானது.

கதவு திறந்துவிட்டது என்பதால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தங்கவயல் பக்கம் நிலம் பார்க்கப் போகிறவர் சில கன்னடச் சொற்களைக் கற்றுக்கொண்டு போகவேண்டும். பஹணி என்பது யாருடைய நிலம், என்ன பயிர் என்று சொல்லும் தாள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் 'பூமி' திட்டத்தில் கணினிமயமானதால் எளிதில் கிடைக்கும். ஆனால் பஹணியில் 3 ஏக்கர் என்று இருப்பது தரையிலும் 3 ஏக்கராக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே சர்வே எண்ணில் அண்ணன் தம்பி நாலு பேர் இருந்து, 'போடி' என்கிற உட்பிரிவு அளவை நடக்காமலே இருந்தால், வாங்குபவர் வாங்குவது நிலத்தை அல்ல, பங்காளித் தகராறில் ஒரு பங்கை. 'கராபு' என்று ஒரு பத்தி இருக்கும். பயிரிடத் தகாத துண்டு என்று பொருள். அதில் ஒரு வகை ஓடை, பாதை, ஏரிக்கரை போன்ற அரசுச் சொத்து. வேலி போட்ட பிறகு ஒருநாள் தாசில்தார் அலுவலக ஆள் வந்து, குதிரை ஓடும் வட்டத்தின் நடுவே ராஜகால்வாய் போகிறது என்று சொன்னால் வாதாடிப் பயனில்லை. அங்கே 40 குண்டே ஒரு ஏக்கர். தகராறு பெரும்பாலும் இரண்டு மூன்று குண்டேயில்தான்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குழி ஒன்று உண்டு. அதை வெறும் வில்லங்கம் என்று தள்ளிவிடவும் கூடாது. கோலார் மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் கணிசமாக வாழ்கிறார்கள். நிலமற்ற அவர்களுக்கு அரசு பல காலகட்டங்களில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று வழங்கியது. கல்யாணச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அந்த நிலங்கள் அற்ப விலைக்குக் கைமாறின. இதைத் தடுக்கக் கர்நாடகம் 1978-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதியின்றி வாங்கினால் அந்த விற்பனை செல்லாது. நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்பும். பல பத்தாண்டு கழித்து வந்து கேட்கலாமா என்ற வழக்கில், நியாயமான காலத்துக்குள் கேட்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2023-இல் கர்நாடகச் சட்டமன்றம் காலவரம்பே கிடையாது என்று திருத்தம் செய்தது. ஆக, நான்கு கை மாறி வந்த நிலமானாலும், முதல் கை யாருடையது என்று பார்க்காமல் பணம் கொடுப்பவர் சட்டத்திடம் மட்டும் தோற்பதில்லை. ஒரு குடும்பத்தின் ஒரே சொத்துக்கு எதிரே போய் நிற்கிறார்.

பத்திரம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து தண்ணீர். கோலாரில் வற்றாத ஆறு கிடையாது. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான ஏரிகள் உண்டு, மழைதான் அவற்றுக்கு ஆதாரம். ஆழ்துளைக் கிணறு 1,000 அடியைத் தாண்டிப் போவது சர்வ சாதாரணம். அங்கே கிடைக்கும் நீரிலும் பல இடங்களில் ஃபுளோரைடு. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவு நீர் குழாயில் வந்து ஏரிகளை நிரப்புகிறது. நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்ததில் விவசாயிகளுக்கு மகிழ்ச்சி, நீரின் தரம் பற்றிக் கவலையும் கூடவே. வளர்ந்த குதிரை ஒன்று நாளுக்கு 30 முதல் 40 லிட்டர் குடிக்கும். வெயில் காலத்தில் இன்னும் கூடும். குளிப்பாட்டுவது, லாயம் கழுவுவது, புல்லுக்குப் பாய்ச்சுவது எல்லாம் தனி. முன்பணம் கொடுக்கும் முன் நீரைச் சோதனைச் சாலைக்கு அனுப்புவது புத்திசாலித்தனம்.

காற்றையும் பார்க்கவேண்டும். தங்கவயலைச் சுற்றி மலை மாதிரி நிற்பவை மலைகள் அல்ல. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேடுகள். சினிமாக்காரர்களுக்கு அவை அழகான பின்னணி. காற்றடி காலத்தில் அந்தத் தூள் வீடுகளுக்குள் வருவதை அங்குள்ள மக்கள் காலம் காலமாகச் சொல்லி வருகிறார்கள். குதிரையின் நுரையீரலுக்குத் தூசி ஆகாது. வைக்கோல் தூசியே அதற்கு இளைப்பை உண்டாக்கும் என்றால் மேட்டு மண்ணுக்குக் கேட்கவே வேண்டாம்.

வயிற்றுக் கணக்குக்கு வருவோம். 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு, எடையில் 2 சதவீதம் என்ற பொது விதிப்படி, நாளுக்கு 9 கிலோ உலர் தீவனம். ஆண்டுக்கு மூன்றே கால் டன்னுக்கும் மேல். கொள்ளு கிடைக்கும், குதிரை மசாலும் விளைவிக்கலாம். ஆனால் பட்டுக்கும் பாலுக்கும் பெயர்போன மாவட்டத்தில் பசுந்தீவனத்துக்குப் போட்டி அதிகம். கால்நடை மருத்துவர்கள் உண்டு, அவர்கள் கைபழகியது கலப்பினப் பசுக்களில். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் அதற்கு வரும் வயிற்று வலி சில மணி நேரத்தில் உயிர்ப் பிரச்னையாகிவிடும். ராத்திரி 2 மணிக்கு அது புரளத் தொடங்கினால், பெங்களூர் ஹெப்பாளின் கால்நடைக் கல்லூரி வரை கொண்டுபோக வண்டி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவவேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவர் கை இதற்கு உதவாது. இத்தனைக்கும் குதிரை 25 ஆண்டு வாழும். வங்கிக் கடன் முடிந்த பிறகும் அது தின்றுகொண்டிருக்கும்.

அந்நியச் சீமைக் குதிரைகளை வாங்கி, பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்ட கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறக்குமதியான குதிரைகள் அப்படி மடிந்ததை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ பதிவு செய்திருக்கிறார்.

சட்டத்திலும் ஒரு சின்னச் சூட்சுமம் உண்டு. கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி கால்நடை இனப்பெருக்கம், புல் வளர்ப்பு, மேய்ச்சல் எல்லாம் விவசாயமே. ஆனால் அதே நிலத்தில் கட்டணம் வாங்கிச் சவாரி கற்றுக்கொடுத்து, விருந்தினர் விடுதியும் நடத்தினால் அது வியாபாரம். அதற்கு மாவட்ட ஆட்சியரிடம் நில மாற்று அனுமதி வேண்டும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கப்போகிறோம் என்பதை வாங்குமுன்பே முடிவு செய்யவேண்டும். பத்திரப் பதிவுக் கட்டணமும் 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்ந்திருக்கிறது.

வாங்காமல் குத்தகைக்கு எடுத்தால் என்ன? பெரியவர்கள் அந்த வழியில்தான் போனார்கள். திப்பு சுல்தானின் குதிரைப் படைக் காலத்து வரலாறு கொண்ட குணிகல் குதிரைப் பண்ணை, 400 ஏக்கருக்கு மேல் பரப்புள்ளது. கர்நாடக அரசு அதை 1992-இல் விஜய் மல்லையாவின் நிறுவனத்துக்கு 30 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. பேர்போன பந்தயக் குதிரைகள் அங்கே பிறந்தன. குத்தகை காலம் முடிந்ததும் நிலத்தின் எதிர்காலம் மறுபடி அரசின் கைக்கு வந்தது. சென்னை கிண்டியில் 160 ஏக்கர் பந்தயத் திடலின் 99 ஆண்டுக் குத்தகையை, வாடகை பாக்கித் தகராறுக்குப் பிறகு, 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்தது. ஆனாலும் சிறிய அளவில் ஆரம்பிப்பவருக்கு ஐந்தாண்டுக் குத்தகை நல்ல பரீட்சை. நீர் நிற்கிறதா, ஆள் நிற்கிறார்களா, ஆசை நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

இந்த விஷயத்தில் தங்கவயல்காரர்களுக்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி கிராமங்களில் ஒரு சென்ட் நிலமில்லாமல் கிளம்பி வந்தவர்களின் சந்ததி அவர்கள். முதல் தலைமுறை மூங்கில் தட்டி வரிசைகளில் குடியிருந்தது. அடுத்தடுத்த தலைமுறைகள் கம்பெனி வீட்டில் பிறந்து, கம்பெனி வீட்டிலேயே கண்ணை மூடின. பூமிக்கடியில் 10,000 அடி வரை போய்வந்தவர்களுக்கு பூமியின் மேல் பட்டா கிடையாது. சுரங்கம் மூடிய பின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்க்கிறார்கள். 2020 வரை, சம்பளம் கொஞ்சம் உயர்ந்திருந்தாலும், விவசாயி அல்ல என்ற காரணத்தால் பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஏக்கர் வாங்கவும் சட்டம் அவர்களைத் தடுத்தது. கதவு திறந்தபோது வரிசையில் முன்னால் நின்றதோ பெங்களூர்ப் பணம்.

அப்படி ஒரு பேரன் பேத்தமங்கலா பக்கம் இரண்டு ஏக்கர் வாங்குவாரானால், அவர் பார்க்க வேண்டிய வரிசை இதுதான்: முதலில் நிலத்தின் முதல் கை யாருடையது என்பது, பிறகு அளவை, பிறகு தண்ணீர். அதன் பிறகு வேலி, புல், ஆள். எல்லாம் முடிந்து ஒரு கோடை முழுக்க கிணறு வற்றாமல் இருந்தால் குதிரை. வரிசையைத் தலைகீழாக்கி முதலில் குதிரையை வாங்கிக் கட்டினால், கீழே தள்ளுவது மட்டுமே அதன் வேலை. குழியை ஏற்கனவே வேறு யாரோ வெட்டி வைத்திருப்பார்கள்.