அட்மிஷன் டார்கெட்: ஆலோசனை சொல்பவர் யாருடைய ஆள்?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் பெற்றோர்களின் கைப்பேசி ஓய்வதில்லை. "பிள்ளை என்ன படிக்கப் போகிறார்? எங்கள் கல்லூரியை ஒருமுறை வந்து பாருங்கள்" என்று மிகுந்த அக்கறையோடு யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேசுபவருக்குப் பெயர் ஆலோசகர். ஆனால் அவர் மேசையில் ஓர் எண் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் ஊக்கத்தொகை, சேர்க்காவிட்டால் மேலாளரின் ஏச்சு, சில இடங்களில் வேலைக்கே வேட்டு. இந்தப் படிப்பு நம் பிள்ளைக்குப் பொருந்தாது என்று அவருக்கே தெரிந்தாலும், அதை வாய் திறந்து சொல்லும் நிலையில் அவர் இருக்கிறாரா?

இந்தக் கேள்விக்கு மிகப் பெரிய விலை கொடுத்த நாடு அமெரிக்கா. அங்கே நடந்ததை நாம் விரிவாகப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சேர்க்கைப் பிரதிநிதிகளுக்குக் கமிஷன் கொடுப்பதைத் தடுக்கும் அந்நாட்டுச் சட்டத்தில், நம் பிள்ளைகளைத் தொடுகிற ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

அமெரிக்காவில் இலாப நோக்கில் நடத்தப்படும் கல்லூரிகளில் பெரியவை பல, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களாகவே இயங்கின. அங்கு சேருகிற ஏழை மாணவர் பெரும்பாலும் கையிலிருந்து பணம் கட்டுவதில்லை. அரசு தரும் உதவித்தொகையும் அரசு கொடுக்கும் கல்விக் கடனும் அவர் பெயரில் கல்லூரிக்குப் போய்ச் சேரும். படிப்பு பாதியில் நின்றுபோனால், கடன் மட்டும் அவர் தலையில் நிற்கும். இப்படி ஓர் ஏற்பாடு இருக்கும்போது, கல்லூரிக்கு எது முக்கியமாகிவிடும் என்று விளக்க வேண்டியதில்லை.

செனட்டர் டாம் ஹார்கின் தலைமையிலான செனட் குழு இத்தகைய 30 நிறுவனங்களை இரண்டு ஆண்டுகள் விசாரித்து, 2012 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. 2010-ஆம் ஆண்டில் இந்த நிறுவனங்களில் மாணவர் சேர்ப்புப் பணியில் மட்டும் 35,202 பேர் இருந்தார்கள். படித்து முடித்தவர்களுக்கு வேலை தேடித் தரும் பிரிவில் இருந்தவர்கள் 3,512 பேர். வருமானத்தில் 22.7 சதவீதம் விளம்பரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும் போனது. கற்பித்தலுக்குப் போனது 17.2 சதவீதம். 2008-09 கல்வியாண்டில் சேர்ந்தவர்களில் 54 சதவீதத்தினர் 2010-இன் நடுப்பகுதிக்குள் பட்டமோ சான்றிதழோ இல்லாமல் வெளியேறிவிட்டார்கள். வாசல்வரை அழைத்து வருவதற்கு பத்துப் பேர், வெளியே போகும்போது கைகொடுக்க ஒருவர்!

அந்த 35 ஆயிரம் பேரும் என்ன பேசினார்கள்? 2010-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, மாணவர் வேடத்தில் தன் ஆட்களை 15 கல்லூரிகளுக்கு அனுப்பியது. பதினைந்திலும் ஏமாற்றும் விதமான அல்லது சந்தேகத்துக்குரிய தகவல்கள் சொல்லப்பட்டன. நான்கு கல்லூரிகளில், அரசு உதவி பெறுவதற்காகப் படிவத்தில் பொய்யான தகவல் தரும்படி ஊழியர்களே தூண்டினார்கள். முடிதிருத்தும் பயிற்சிக்கு வந்தவரிடம் ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம் முதல் இரண்டரை இலட்சம் டாலர் வரை சம்பாதிக்கலாம் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். அத்தொழிலில் இருப்பவர்களில் 90 சதவீதத்தினர் 43 ஆயிரம் டாலருக்கும் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள் என்பது அரசின் சொந்தப் புள்ளிவிவரம்.

இதைவிட நம்மை உறுத்துவது, செனட் குழுவின் கைக்கு வந்த பயிற்சி ஆவணங்கள். ஐடிடி நிறுவனத்தின் பயிற்சியில் 'வலிப் புனல்' என்றொரு முறை இருந்தது. தொலைபேசியில் கிடைப்பவரிடம் அவருடைய தோல்வியைப் பற்றி, குடும்பம் அவரை எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு ஆழமாக இறங்க வேண்டும். வலி மேலே வந்ததும், அதற்கு மருந்தாகச் சேர்க்கைப் படிவத்தை நீட்ட வேண்டும். வேறொரு நிறுவனம் யாரைத் தேடிப் போக வேண்டும் என்றே பட்டியல் போட்டிருந்தது. அரசு நிவாரணத்தில் வாழும் தாய்மார்கள், கர்ப்பிணிகள், அண்மையில் மணமுறிவு ஆனவர்கள், எதிர்காலம் இல்லாத வேலையில் சிக்கியவர்கள்.

இந்தப் பிரதிநிதிகளைக் கெட்டவர்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போவது எளிது. நாம் அப்படி நினைக்கவில்லை. அவர்களில் பலர் வாடகைக்கும் குழந்தைகளின் செலவுக்கும் அந்தச் சம்பளத்தையே நம்பியிருந்தவர்கள். பீனிக்ஸ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 2003-இல் வழக்குத் தொடுத்தவர்களே அங்கு ஆள் சேர்ப்புப் பணியில் இருந்த இரண்டு பெண்கள்தான். சேர்க்கை எண்ணிக்கையை வைத்துத் தங்களுக்குச் சம்பளம் நிர்ணயிக்கப்படுகிறது என்று அவர்கள் சொன்னார்கள். 2009 டிசம்பரில், தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, அந்த நிறுவனம் அரசுக்கு 67.5 மில்லியன் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

டார்கெட் முறையின் உண்மையான அநீதி இங்கேதான் இருக்கிறது. பொய் சொல் என்று எந்த முதலாளியும் எழுதிக் கொடுப்பதில்லை. எண்ணை மட்டும் எழுதிக் கொடுக்கிறார். பொய் சொல்வதா, வேலையை இழப்பதா என்கிற முடிவு, மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் ஊழியரின் மனசாட்சிக்குத் தள்ளிவிடப்படுகிறது. மாட்டிக்கொண்டால், 'இது தனிப்பட்ட ஊழியரின் தவறு' என்று நிறுவனம் கைகழுவிவிடலாம். இலாபம் மேலே போகிறது, பாவம் கீழே இறங்குகிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. சேர்க்கை எண்ணிக்கையின் அடிப்படையில் கமிஷனோ போனஸோ கொடுக்கக் கூடாது என்று 1992-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் தடை செய்தது. பத்தாண்டுகளில் அதற்குப் பன்னிரண்டு விதிவிலக்குகள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று, எண்ணிக்கையை 'மட்டுமே' அடிப்படையாகக் கொள்ளாத வரை சம்பளத்தை ஆண்டுக்கு இருமுறை மாற்றலாம் என்றது. அந்த ஒரு சொல்லுக்குள் ஒரு தொழிலே நுழைந்து வெளியே வந்தது. ஒபாமா அரசு பன்னிரண்டையும் நீக்கியது. 2011 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது.

ஆனால் தடை செய்யப்பட்டது பணம்தான், டார்கெட் அல்ல. ஆள் சேர்க்காத ஊழியரை வேலையை விட்டு நீக்குவது 'ஊக்கத்தொகை' ஆகாது, எனவே தடைக்குள் வராது என்று ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-இல் ஒரு வழக்கில் கூறியது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். மிட்டாயைக் காட்டி ஓட விடக் கூடாது, சாட்டையைக் காட்டி ஓட விடலாம்.

முடிவு எல்லோரும் அறிந்தது. கொரிந்தியன் நிறுவனம் 2015 ஏப்ரலில் மூடப்பட்டது, ஐடிடி 2016 செப்டம்பரில். கொரிந்தியனில் படித்த சுமார் 5,60,000 பேரின் 5.8 பில்லியன் டாலர் கடனை 2022 ஜூனில் அரசு தள்ளுபடி செய்தது. தாமதமான நீதிதான் என்றாலும் கிடைத்தது.

இப்போது நாம் முதலில் சொன்ன அந்த வரிக்கு வருவோம். 1992-ஆம் ஆண்டின் தடைப் பிரிவு ஒரு விலக்கோடு முடிகிறது. வெளிநாடுகளில் வசிக்கிற, அமெரிக்க அரசின் கல்வி உதவி பெறத் தகுதியில்லாத வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கு இந்தத் தடை பொருந்தாது. அதாவது, சிகாகோவில் இருக்கும் மாணவரைச் சேர்க்க ஒருவருக்குக் கமிஷன் கொடுத்தால் சட்டவிரோதம். சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் மாணவரைச் சேர்க்கக் கொடுத்தால் வியாபாரம்.

காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. அந்தச் சட்டம் பாதுகாக்க வந்தது அமெரிக்க வரிப்பணத்தை. மாணவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, அதன் கூடவே வந்த நிழல். நம் பிள்ளை கொண்டுபோகும் பணம் வாணியம்பாடியில் விற்ற மனையிலிருந்தோ, தாயின் நகையிலிருந்தோ வந்தது. அது யாருடைய வரிப்பணமும் அல்லவே! 2013-இல் அங்குள்ள கல்லூரிச் சேர்க்கை அலுவலர்களின் தேசிய அமைப்பும் தன் நெறிமுறைகளைத் தளர்த்தி, வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் கமிஷன் முகவர்களுக்கு வழிவிட்டது.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். மற்ற எல்லா நாட்டவரையும்விட அதிகம். வெளிநாட்டுப் படிப்புக்கு நம் ஊர்களில் வழிகாட்டும் கன்சல்டன்சிகளில் பல, "எங்கள் சேவை முற்றிலும் இலவசம்" என்று பலகை வைத்திருக்கின்றன. மாணவரிடம் வாங்காதவர்கள் வேறு யாரிடமோ வாங்கித்தானே ஆக வேண்டும்? வழக்கமாக முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு, சேர்த்துக்கொண்ட கல்லூரியிடமிருந்து வருகிறது. கமிஷன் தராத நல்ல பல்கலைக்கழகத்தின் பெயர் அவர் வாயில் வருமா என்பதை நாம் யோசித்துக்கொள்ளலாம்.

வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாது என்று, இருக்கும் சொத்தை விற்றுப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. கொரிந்தியனில் ஏமாந்தவருக்குத் தள்ளுபடி செய்ய ஒரு கடனாவது இருந்தது. விற்றுப்போன நிலத்தை எந்த அரசு தள்ளுபடி செய்யும்?

உள்ளூர் நிலைமையும் வேறல்ல. இடங்கள் நிரம்பாத சில தனியார் கல்லூரிகளில், ஆளுக்கு இத்தனை மாணவர் என்று பேராசிரியர்களுக்கே டார்கெட் கொடுக்கப்படுவது நம் பகுதிகளில் இரகசியம் அல்ல. முனைவர் பட்டம் பெற்றவர், கோடை விடுமுறையில் துண்டறிக்கையோடு வீடு வீடாகப் போகிறார். அவர் சேர்த்த பிள்ளை முதல் பருவத்திலேயே திணறும்போது, 'இது உனக்கு ஒத்துவராது, மாறிக்கொள்' என்று அந்த ஆசிரியர் எப்படிச் சொல்வார்?

ஆள் அனுப்பாவிட்டால் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரி இருப்பதே தெரியாதே என்று நிர்வாகங்கள் சொல்லக் கூடும். உண்மைதான், முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்களைத் தேடிப் போய்ச் சொல்ல ஆள் வேண்டும். ஆனால் அவரை எதைக் கொண்டு அளக்கிறோம்? எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதற்குப் பதிலாக, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்கு வந்தார்கள் என்று கேட்டால், அதே ஊழியர் அதே வீட்டில் வேறு விதமாகப் பேசுவார். நம் சமுதாயத்தவர் நடத்தும் கல்லூரிகள் இந்த மாற்றத்துக்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஜமாஅத்துகளும் அமைப்புகளும் நடத்தும் கல்வி வழிகாட்டி முகாம்களுக்கும் இதில் பங்கு உண்டு. மேடையில் பேசுபவர் எந்தக் கல்லூரியின் அல்லது கன்சல்டன்சியின் செலவில் வந்திருக்கிறார் என்பதை ஏற்பாட்டாளர்கள் முதலிலேயே அறிவிக்கலாம். பெற்றோர்கள் கட்டணம், விடுதி, வேலைவாய்ப்பு பற்றி எல்லாம் கேட்டு முடித்த பிறகு, கூச்சப்படாமல் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "என் பிள்ளை இங்கே சேர்ந்தால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும், சேராவிட்டால் உங்களுக்கு என்ன ஆகும்?" பதில் தொகையாக வந்தாலும், மௌனமாக வந்தாலும், அதைக் குறித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் முடிவெடுங்கள். முன்பணத்தை அன்றைக்கே கட்ட வேண்டும் என்று சொன்னால், கட்டாமல் எழுந்து வாருங்கள்.